மெர்சிங்குக்கு முடி வெட்டப் போனோம்

சென்ற மார்ச் மாதம், பள்ளி விடுமுறை வாரத்தில், நானும் என் தங்கை மலரும் மெர்சிங் போய் வந்தோம். மெர்சிங் தீவுகளுக்குப் படகு ஏறும் ஊர், அதனால் தீவுக்கா என்று கேட்பீர்கள். இல்லை. படகுத்துறையை இரண்டு முறை காரில் கடந்ததோடு சரி, தண்ணீரில் கால்கூட நனைக்கவில்லை. நாங்கள் போனது முப்பது பேருக்குப் பின்னந்தலையில் கொஞ்சம் முடி வெட்டுவதற்கு. தீவுக்குப் போகிறவர்களுக்கும் இதில் சில தகவல்கள் உண்டு, ஆகையால் பாதியில் ஓடிவிட வேண்டாம்.

விவரம் இதுதான். மலர் ரெங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள், முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருக்கிறாள். கடல் மீனில் பாதரசம் சேர்கிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்பதால் பெரிய மீனில் அதிகம் சேர்கிறது. அதை அடிக்கடி சாப்பிடுகிறவர்களின் உடம்பில் எவ்வளவு தங்குகிறது, படகுகள் கடலுக்குப் போகாத மழைக்காலத்தில் அது குறைகிறதா என்பதுதான் ஆய்வு. இதற்கு ரத்தம் எடுக்க வேண்டாமாம், முடியே போதுமாம். முடி வளரும்போது உடம்பில் இருக்கும் பாதரசம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்பதால், தலைத்தோலை ஒட்டி மூன்று சென்டிமீட்டர் வெட்டி எடுத்தால் போன மூன்று மாதத்துக் கதை அதில் இருக்கும்.

முதல் சுற்று அக்டோபரில் நல்லபடியாக முடிந்தது, அப்போதும் கத்தரிக்கோல் என் கையில்தான். இந்த மார்ச் பயணம் இரண்டாம் சுற்றுக்கு, அதாவது மழைக்காலத்து முடிக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் ஆய்வே இருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால், ஜன்னலுக்கு ஒரு பக்கம் மட்டும் திரை தைத்த மாதிரி. குறைந்தது இருபது பேருடைய முடி வேண்டும், அவளுடைய உதவித்தொகை ஜூன் மாதத்தோடு நின்றுவிடும். இது தவறினால் மூன்று வருட உழைப்பும் போச்சு என்று வாரம் இரண்டு முறை போன் செய்து எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தாள்.

நான் எதற்கு என்று கேட்கலாம். நான் பத்து பாகாட்டில் திரைச்சீலை தைத்து விற்கிறேன். என்னிடம் காரும் இருக்கிறது, கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த கையும் இருக்கிறது. மலர் படித்தவள், ஆனால் அவளிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். முடி எடுத்த இடமே தெரியாமல் வெட்டுவது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. சாப்பாடு உண்டு என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினேன். பத்து பாகாட்டிலிருந்து மெர்சிங்குக்கு நேராகப் போனால் ஆயர் ஈத்தாம், குளுவாங் வழியாக ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். தங்கையை ஏற்றிக்கொள்ள நான் ரெங்கம் சுற்றிப் போனதால் இன்னும் இருபத்தைந்து கூடியது. ரெங்கத்தில் வீட்டு வாசலில் அவள் இரண்டு பெரிய பைகளோடு நின்றாள். ஒரு பை நிறைய காகித உறை, கையுறை, அளவுகோல், ஒட்டும் தாள். இன்னொரு பையிலும் அதேதான். முதல் பை தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டாவது பையாம். மாற்று உடை கொண்டு வந்தாயா என்று கேட்டேன். திரும்பி வீட்டுக்குள் ஓடினாள்.

குளுவாங்கில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் ஒன்பது வெள்ளி அறுபது காசு. காருக்கு அங்கேயே எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள். குளுவாங்கிலிருந்து மெர்சிங் வரை தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம், இரு வழிச் சாலை, இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். செம்பனைக் குலை ஏற்றிய லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டால் பொறுமைதான் துணை. யானை கடக்கும் இடம் என்று மஞ்சள் பலகைகள் வரும். நான் இதுவரை யானையைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பலகையைக் கண்டதும் வேகத்தைக் குறைக்கும் ஓட்டுநரையும் பார்த்ததில்லை.

பதினொன்றே காலுக்கு மெர்சிங். பட்ஜெட் ஹோட்டலில் இரட்டைக் கட்டில் அறை ஓர் இரவுக்குத் தொண்ணூற்றைந்து வெள்ளி, துண்டும் சோப்பும் தருவார்கள், காலை உணவு கிடையாது. கவுண்டரில் இருந்த மலாய்க்காரர் வழக்கம்போல எங்களைத் தீவுக்குப் போகிறவர்கள் என்று நினைத்து, "தியோமானா?" என்று கேட்டார். தங்கை வாயைத் திறப்பதற்குள் நான், "இல்லை, முடி வெட்ட வந்திருக்கிறோம்" என்று மலாயில் சொல்லிவிட்டேன். அவர் எங்கள் இரண்டு பேர் தலையையும் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு நல்ல சலூன் இருக்கிறது என்று அக்கறையோடு வழி சொன்னார்.

மாலை நாலரைக்குக் கோயில் மண்டபத்தில் எல்லாரும் கூடுவதாக ஏற்பாடு. ஊருக்கு வெளியே ஒரு தாமானில், அதாவது வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறது அந்தச் சின்ன முருகன் கோயில். சுற்றியுள்ள வீடுகளில் இருப்பவர்கள் முன்பு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள். இப்போது தொழிற்சாலை, ஹோட்டல், படகுத்துறை என்று வேலை. மீன் மலிவு, புதிது, அதனால் வாரத்தில் ஐந்து நாள் மீன்தான். கோயில் செயலாளர் தனபாலன்தான் அக்டோபரில் ஆட்களைத் திரட்டிக் கொடுத்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், லாரி ஓட்டுகிறார், எதைச் செய்தாலும் ஒரு சுற்றுக் கூடுதலாகச் செய்யும் குணம்.

வாசலிலேயே நின்றிருந்தார், தலையில் தொப்பியோடு. "வாங்க தங்கச்சி, வாங்க. எல்லாரும் ரெடியா உக்காந்திருக்காங்க. ஒருத்தர்கூட வராம இல்ல."

உள்ளே பார்த்தேன். உண்மைதான், மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்கள் எல்லாரும் தொப்பி போட்டிருந்தார்கள், பெண்கள் முந்தானையையோ துப்பட்டாவையோ தலையில் போட்டிருந்தார்கள். வெயிலில் வந்திருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டே நான் மேசையில் துணி விரித்துக் கத்தரிக்கோலைத் துடைத்து வைத்தேன். மலர் பெயரைப் பார்த்துப் பார்த்து உறைகளை அடுக்கினாள்.

"அண்ணே, மொதல் ஆளா நீங்களே வாங்க. தொப்பிய மட்டும் கழட்டிடுங்க" என்றாள் மலர்.

"கழட்டிட்டாப் போச்சு" என்று தனபாலன் தொப்பியைக் கழற்றினார்.

மொட்டை. ஆறேழு வாரத்து முள்முடி இருந்தது, அவ்வளவுதான். மலர் மரியாதைக்குச் சிரித்தாள். "பரவால்லண்ணே, நீங்க உக்காருங்க, அடுத்தவங்கள பாக்கறேன்" என்றாள். அடுத்தவர் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு அடுத்தவர். அவர் மனைவி துப்பட்டாவை இறக்கினார். பிறகு யாரும் வரிசைக்குக் காத்திருக்கவில்லை, மண்டபம் முழுக்கத் தொப்பியும் துணியும் இறங்கின. காற்றாடிக்குக் கீழே வரிசை வரிசையாக மொட்டைத் தலைகள்.

"அலமாக்!" என்றேன். ஐயோ அம்மாவுக்கு மலாயில் அதுதான்.

மலர் குரல் கீச்சென்று வந்தது. "என்னாண்ணே இது?"

"மொட்டைதாம்மா. தைப்பூசத்துக்குப் போட்டது. இப்ப வளந்திருச்சு. அப்பப் பாத்திருக்கணும் நீங்க, சும்மா பளபளன்னு இருந்துச்சு."

"எல்லாருமா?"

"எல்லாரும். ஒத்துமையா போட்டோம்லா."

அதில் அவருக்குப் பெருமை. மலர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் ஏன் என்று கேட்டேன்.

"அக்டோபர்ல தங்கச்சிதான படம் போட்டுக் காட்டுச்சு? பெரிய மீனு, சின்ன மீனு, அப்புறம் மனுசன் ஒடம்பு முழுக்கச் செவப்புப் புள்ளி. ஒடம்புல எவ்ளோ சேந்திருக்குன்னு பாக்கறோம்னு சொல்லிட்டு முடிய எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. இங்க யாருக்கும் நிம்மதி இல்ல. ஒவ்வொருத்தரும் தனித்தனியா வேண்டறாங்க. நான்தான் சொன்னேன், எதுக்கு தனித்தனியா, மொத்தமா வேண்டிக்குவோம், ஒண்ணும் இருக்கக் கூடாது முருகான்னு முடி எறக்கிடுவோம்னு."

"ரெண்டாவது தடவ முடி எடுக்க வருவேன்னு சொன்னேனேண்ணே" என்றாள் மலர்.

"சொன்னீங்க. ஒரு சிட்டிக தான எடுத்தீங்க, அதுக்குள்ள வளந்துடும்னு நெனச்சோம்." அவள் முகத்தைப் பார்த்து அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒங்க ஆராய்ச்சியும் நல்லபடியா முடியணும்னு சேத்துத்தாம்மா வேண்டிக்கிட்டோம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்திருந்தால் தங்கை என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பாள், கார் என்னுடையது என்பதையும் மறந்து.

மிச்சம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தோம். இரண்டு பெண்கள் முழு மொட்டை போடாமல் நுனியை மட்டும் கத்தரித்துப் பூமுடி கொடுத்திருந்தார்கள். மலர் அவர்களைப் பார்த்த பார்வையை அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. அதில் ஒருவர் பொங்கலுக்கு முடிக்குச் சாயம் போட்டிருந்தார், சாயம் போட்ட முடி ஆய்வுக்கு ஆகாது. ஆக, இருபது பேர் வேண்டிய இடத்தில் ஒருவர். மழைக்காலத்தில் வளர்ந்த முடி இனி வேறு யார் தலையிலும் இல்லை, வளரப்போவதும் இல்லை.

"எறக்குன முடியெல்லாம் எங்கண்ணே?" என்று திடீரென்று கேட்டாள் மலர்.

தனபாலன் முகம் மலர்ந்தது. முடி பத்திரமாக இருக்கிறதாம். உடனே எங்களை டவுனில் இருக்கும் முடிதிருத்தும் கடைக்கு அழைத்துப் போனார், தாமானிலிருந்து ஆறு கிலோமீட்டர். அன்று கோயிலில் மொட்டை அடித்தவர் அந்தக் கடைக்காரர்தான். முடியை வாங்குகிற வியாபாரி இன்னும் வராததால் கடைக்குப் பின்னால் வைத்திருந்தார். ஓர் அரிசிக் கோணி. வாயைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். கறுப்பு, நரை, சுருட்டை, நீளம், குட்டை, எல்லாம் ஒன்றாக.

மலர் கையுறை மாட்டிக்கொண்டு கோணிக்குள் கையை விட்டாள். நான் உதவியாக இருக்கட்டும் என்று, "இந்த நரை தனபாலன் அண்ணனோடதா இருக்கும்" என்றேன்.

"என்னோடது இவ்ளோ நரை இல்லலா" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "சாமிக்குக் கொடுத்த முடிம்மா. கொடுத்தத திருப்பி எடுக்கலாமா?"

மலர் கையை வெளியே எடுத்தாள். யாருடையது எது என்று தெரியாமல் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பது கோணியைத் திறந்த நிமிடமே அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கையை விட்டுப் பார்த்தாள், பாவம். ஹோட்டலுக்குத் திரும்பும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. சின்ன வயதிலிருந்து வாய் மூடாத பிள்ளை அவள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆற்றங்கரைப் பக்கம் ஒரு கடையில் நாசி லெமாக் சாப்பிட்டோம், பொட்டலம் மூன்று வெள்ளி ஐம்பது, சம்பல் பிரமாதம். மலர் சாப்பிடாமல் வழிகாட்டும் பேராசிரியைக்குப் போன் செய்தாள். அந்த அம்மா நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு இரண்டு முறை இருமினாராம். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருப்பார் என்பது என் கணிப்பு. பிறகு, வழுக்கைத் தலைக்காரர்களிடம் எதை எடுப்பதாக அனுமதி வாங்கியிருக்கிறாய், உன் விண்ணப்பத்தையே நீ படிப்பதில்லையா என்று கேட்டார்.

மலர் போனை வைத்துவிட்டு என் நாசி லெமாக்கை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். "அக்கா, நகம்! கால் கட்டைவிரல் நகம்!"

முடி மாதிரியே நகத்திலும் பாதரசம் தங்குமாம். கட்டைவிரல் நகம் மிக மெதுவாக வளரும். மழைக்காலத்தில் அடியில் முளைத்த நகம் நகர்ந்து நகர்ந்து வெட்டுகிற நுனிக்கு வருவதற்குத் தீபாவளி நெருங்கிவிடும். இன்றைக்கு நுனியில் இருப்பது போன வருட நடுவில் முளைத்தது, அதை இப்போது ஒரு முறை வெட்டிக்கொள்ளலாம். தீபாவளிக்கு முன் வந்து மறுபடியும் வெட்டினால் மழைக்காலம் கையில் கிடைக்கும். உதவித்தொகையை ஆறு மாதம் நீட்டிக்கப் பேராசிரியை எழுதுவார். ஆனால் ஆட்கள் இரண்டு தடவைக்கும் சம்மதிக்க வேண்டும், அதைப் பெயர் பெயராக எழுதி அனுப்ப வேண்டும்.

பத்து மணிக்கு மண்டபத்தில் மறுபடி கூட்டம். மலர் சொல்லச் சொல்ல எல்லாரும் தங்கள் கால் விரலைக் குனிந்து பார்த்தார்கள். நேற்றே கேட்காமல் போனது நல்லது, வெள்ளிக்கிழமை நகம் வெட்ட மாட்டோம் என்று ஒரு பெரியவர் சொன்னார். எல்லாம் கூடி வருகிறது என்று நான் நகவெட்டியை எடுத்தேன்.

அப்போதுதான் பரமேஸ்வரி எழுந்தாள். முப்பது வயதிருக்கும், மீன் அப்பளம் போடும் கெரோப்போக் தொழிற்சாலையில் வேலை, மூத்தது ஒரு பெண், இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நகம் தர்றதுல ஒண்ணும் இல்லக்கா. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அக்டோபர்ல ஒங்களுக்கு முடி குடுத்தோம். தைப்பூசத்துல முருகனுக்கு முடி குடுத்தோம். ரெண்டு பேருமே இன்னும் ஒரு பதிலும் சொல்லல. இப்ப நகமும் கேக்கறீங்க."

தனபாலன்கூடத் தரையைப் பார்த்தார்.

மலருக்கு முகம் வெளுத்துவிட்டது. முடிவுகள் டிசம்பரிலிருந்து அவளுடைய கணினியில் இருந்தன. கேட்டால் சொல்லலாம் என்பதுதான் விதி, அது அவர்கள் கையெழுத்துப் போட்ட தாளிலும் இருந்தது. அந்தத் தாளை யாரும் படிக்கவில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. இவளும் தானாகச் சொல்லவில்லை. சொன்னால் பயந்து மீன் சாப்பிடுவதை மாற்றிவிடுவார்கள், இரண்டாம் சுற்று கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். ஆய்வுக்கு அது நியாயம். ஐந்து மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்திருப்பவளுக்கு அது என்ன நியாயம்? கர்ப்பம் என்று அக்டோபரில் பரமேஸ்வரிக்கே தெரியாது, மலருக்கு எப்படித் தெரியும் என்று நான் மனசுக்குள் அவளுக்காக வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

வெளியே போய் மறுபடி பேராசிரியையோடு பேசினாள். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "மழைக்காலம் ஏற்கெனவே ஒங்க நகத்துக்குள்ள போயிடுச்சு. இனிமே நீங்க என்னா சாப்பிட்டாலும் அத மாத்த முடியாது. அதனால இப்பவே சொல்லிடலாம். சொல்லாம இருந்தது என் தப்பு, மன்னிச்சிடுங்க. ஒவ்வொருத்தரா வாங்க, தனியாச் சொல்றேன்."

மடப்பள்ளியில் கணினியை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொருவராக அழைத்தாள். வெளியே வந்தவர்கள் என்னிடம் வந்து உட்கார, நான் நகம் வெட்டினேன். உலகத்தில் எத்தனையோ வேலை இருக்கிறது, எனக்கு வாய்த்தது இது. அதிலும் நம் ஆட்களிடம் காலைத் தொடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. என்னைவிட இளையவர்கள், "அக்கா, நீங்க போய் என் காலத் தொடறதா" என்று காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் அதற்கு நேர்மாறு. நான் குனிந்ததும் அவர்கள் கை தானாக என் தலைக்கு வந்துவிடும், "நல்லா இரும்மா, புள்ளகுட்டியோட நல்லா இரு." நான் நகத்துக்குக் குனிகிறேன் என்று எத்தனை முறை சொல்வது? அன்று வாங்கிய ஆசீர்வாதம் என் கல்யாணத்தில் வாங்கியதைவிட அதிகம்.

கதவைத் திறந்து வந்தவர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். தனபாலன், "நார்மல்!" என்று அறிவித்துவிட்டுக் கோயிலுக்கு நேராகக் கையைத் தூக்கிக் கும்பிட்டார். தனியாகச் சொன்னதைத் தனியாக வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

பரமேஸ்வரி வர நேரம் ஆனது. வந்தபோது கண் சிவந்திருந்தது. என் முன்னால் உட்கார்ந்து, நான் கேட்காமலேயே சொன்னாள். "கொஞ்சம் கூடத்தான் இருக்காம். பயப்படற அளவுக்கு இல்லயாம். பெரிய மீன நிறுத்திட்டு கெம்போங் மாதிரி சின்ன மீனாச் சாப்பிட்டா சில மாசத்துல எறங்கிடுமாம். கிளினிக் நர்ஸ்கிட்ட காட்டறதுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க."

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"நேத்து வரைக்கும் இருந்துச்சுக்கா. என்னான்னே தெரியாம அஞ்சு மாசம் பயந்ததுக்கு இது எவ்ளோவோ தேவல." காலை நீட்டினாள். "வெட்டுங்க. தீபாவளிக்கும் வாங்க, தர்றேன்."

எல்லாரும் சம்மதித்தார்கள். ஒன்றரை மணிக்கு முடித்துவிட்டுப் பரமேஸ்வரி வீட்டிலேயே சாப்பிட்டோம். கெம்போங் மீன் குழம்பு, புளி கொஞ்சம் தூக்கல், மூன்று தட்டுச் சோறு போனது. நிறைய மிளகாய் போட்டால் பாதரசம் செத்துவிடாதா என்று அவள் கணவர் மலரிடம் கேட்டார். சாகாது என்று சொன்னதும் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். மலருக்குப் பேச்சு திரும்பிவிட்டது, ஜெமாலுவாங் தாண்டும் வரை நிறுத்தவில்லை. காஹாங் வரும் முன், பேச்சுவாக்கில்தான் கேட்டேன். அக்டோபரில் ஊரார் பயப்படாமல் இருக்கட்டும் என்று முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்து முடி கொடுத்தது நான்தான்.

"ஆமா, என்னோட முடி என்னா சொல்லுச்சு?"

"நீ ஸ்டடியில இல்லயேக்கா. சும்மா டெமோதான?"

"டெமோ முடிய வீசிட்டியா?"

"வீசல."

"அப்ப?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

ஒரு பழக்கடைக்கு முன்னால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். அவள் மடியில் இருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டிருந்தாள். "எல்லாரையும்விட ஒனக்குத்தான் அதிகம். பரமேஸ்வரியவிட."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "மெர்சிங்ல இருக்கறவங்களவிட பத்து பாகாட்ல இருக்கறவளுக்கா? டிசம்பர்லயே தெரியுமா? நான் ஸ்டடியில இல்லன்னா எனக்கு ஏன் சொல்லல? எந்த விதி உன்னத் தடுத்துச்சு?"

"விதி இல்லக்கா." மூக்கை உறிஞ்சினாள். "வாரா வாரம் தெங்கிரித் துண்டு வாங்கி வறுத்துச் சாப்பிடுவியே, பெரிய மீன்தான அது. ஊர்க்காரங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு படிச்சிருக்கேன். ஒன்கிட்ட சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சு."

கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? லாரிகள் காரை உலுக்கிக்கொண்டு கடந்து போயின. "மொட்ட போட்டுக்கட்டுமா?" என்று கேட்டேன். இரண்டு நாளில் முதல் முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

இனி, போகிறவர்களுக்கு. மெர்சிங்குக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போக வேண்டாம், பெரும்பாலும் படகு ஓடாது. மற்ற மாதங்களில் படகு நேரம் கடல் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து மாறும், முன்கூட்டியே கேட்டுவிட்டு அறை எடுங்கள். பத்து பாகாட்டிலிருந்து போக வர எண்ணெய்க்கு ஐம்பது வெள்ளி போதும். மீன் வாங்க விரும்பினால் காலை ஏழு மணிக்குள் பாசாருக்குப் போய்விடுங்கள், உள்ளங்கை அளவு மீனாக வாங்குங்கள். ஆராய்ச்சிக்காகப் போகிறீர்கள் என்றால் முதலில் நாள்காட்டியில் தைப்பூசம் எங்கே என்று பாருங்கள். சிவப்புப் புள்ளிப் படம் காட்டாதீர்கள், காட்டினால் முடிவையும் கையோடு கொண்டு போங்கள்.

மலருக்கு ஆறு மாத நீட்டிப்புக் கிடைத்துவிட்டது. காரணம் எழுதும் இடத்தில் அவள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து, நிஜமாகவே எல்லாருமா என்று கேட்டாராம். என் வீட்டில் தெங்கிரி நின்று மூன்று மாதமாகிறது. கெம்போங்கில் முள் அதிகம் என்று என் கணவர் தினமும் புலம்புகிறார், புலம்பட்டும். தீபாவளிக்கு முன் மறுபடி மெர்சிங் போகிறோம். அன்று நான் வெட்டப்போகும் முதல் நகம் என்னுடையது. என்ன வந்தாலும் அன்றைக்கே நேருக்கு நேர் சொல்லிவிடுகிறேன் என்று மலரைக் கையடித்துச் சத்தியம் செய்ய வைத்திருக்கிறேன். நகத்தைச் சோதிக்கவே ஒரு மாதம் ஆகும் என்கிறாள். அதெல்லாம் எனக்குத் தெரியாது.